கல்வட்டத்துக்கு வேலி

நாச்சியாபுரத்துக்கு மேற்கே, பொட்டல்காட்டில், புது வேலியின் கம்பி வெயிலில் மின்னுகிறது. பள்ளி ஆசிரியை ரேணுகா ஸ்கூட்டரை நிறுத்திய இடத்திலேயே நிற்கிறாள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. இரும்புக் காலத்து மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்து, மேலே செம்புறாங்கற்களை வட்டமாக அடுக்கிவைத்த இடம். கல்லை டிராக்டரில் அள்ளிப் போகிறார்களே என்று, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அவள் வாங்கிய வேலி இது. வேலி இருக்கிறது. வட்டத்தைத்தான் காணவில்லை. கற்கள் இருந்த இடங்களில் ஈரம் காயாத பள்ளங்கள். ஒன்றில் மரவட்டை சுருண்டு கிடக்கிறது. ஒவ்வொரு சிமெண்ட் தூணின் அடியிலும் செம்புறாங்கல் துண்டுகள், புதிதாக உடைந்த சிவப்போடு, இறுக்கி அடிக்கப்பட்டிருக்கின்றன. "என்னண்ணே இது?" அவள் தூணின் அடியைக் காட்டிக் கேட்கிறாள். வேலி போட்ட கொத்தனார் சேவுகப்பெருமாள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வருகிறார். "ஆடு முட்டுனாக்கூட அசையக் கூடாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீக? மண்ணு பொலபொலன்னு கெடக்கு, தூணு நிக்கல. கல்லுக்கு எங்குட்டுப் போக? நல்லவேளை, உள்ளயே கெடந்துச்சு." அவர் முகத்தில் வேலை முடித்த நிறைவு. "இனி ஒரு பய உள்ள வந்து ஒரு கல்லத் தொட முடியாது. சந்தேகமா இருந்தா ஆட்டிப் பாருங்க." ரேணுகா தூணை இரண்டு கைகளாலும் பிடிக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு உலுக்குகிறாள், மறுபடியும் உலுக்குகிறாள். தூண் அசையவே இல்லை.