சுவருக்குள் ஆறு

டிக்கெட் மலிவு என்று மழைக்காலத்தில் போய் இறங்கிய நாடு அது. இலவசமாக ஊர் சுற்றிக் காட்டும் நடைக்கு வந்தவர்கள், மழை வலுத்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

“ரூமுக்குப் போயிருவோம் செண்பகம். இந்த மழையில என்னத்தப் பாக்கப்போற?” என்று அவள் கணவன் சங்கரலிங்கமும் திரும்பி நடந்தான். எப்போதும் அவன் பின்னாலேயே போகிறவள், இன்று நின்றுவிட்டாள்.

வழிகாட்டிப் பெண் அவளை ஒரு சந்துக்குள் கூட்டிப்போய், பாசி படர்ந்த சுவரில் காதை வைத்துக் காட்டினாள். செண்பகவல்லியும் வைத்தாள். உள்ளே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடி, அதன் மேல்தான் ஊரையே கட்டியிருக்கிறார்களாம். மழை பெய்தால் மட்டும் கேட்குமாம்.

கைப்பேசி அடித்தது. “எங்க இருக்க?” என்றான் சங்கரலிங்கம்.

“கொஞ்சம் பேசாம கேளுங்க” என்று கைப்பேசியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

பிறகு அதைத் திரும்பத் தன் காதில் வைத்தாள். அவன் மெதுவாக, “அது எங்க போவுது?” என்றான்.