அடியில் இருப்பது

சங்கு அலறியது. வேலாயி பரணில் இருந்த பாத்திரங்களை மளமளவென்று தரையில் இறக்கினாள். சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரத்தில் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வேலை. பூமி குலுங்கி அடங்கியதும், கணக்கெடுக்க வந்திருந்த அதிகாரிக்குச் சுவரைக் காட்டினாள்.

"போன வருஷம் வந்த சார் மூணு விரிசல்னு எழுதிட்டுப் போனாரு. இப்ப அஞ்சு. இந்தத் தடவையாவது ஏழைங்க பட்டியல்ல சேத்து ஒரு வீடு குடுங்க."

அதிகாரி தலையில் விழுந்த காரையைத் தட்டிவிட்டு, கையிலிருந்த சுரங்க வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

"உங்க வீட்டுக்கு அடியில கோடிக்கணக்குல இரும்பு கிடக்கேம்மா. உங்களை எப்படி ஏழைன்னு எழுதறது?"

வேலாயி பாத்திரங்களை மறுபடி பரணில் ஏற்றத் தொடங்கினாள்.

"கம்பெனிக்காரங்க அதைத் தோண்டி எடுத்துட்டுப் போன பிறகாவது எழுதுவீங்களா, சார்?"