முழங்கால் இடிக்கிற தூரத்தில்

ஷேர் ஆட்டோவில் எதிர் சீட்டில் இருந்தவன் தன்னையே பார்த்துக்கொண்டு வருகிறான் என்று தெரிந்ததும், போனைப் பைக்குள் போட்டுவிட்டு பேச்சிராஜ் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த பிறகு பழகிக்கொண்ட பழக்கம் அது.

டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், சூப்பர்வைசர், கேன்டீன் வரிசையில் முன்னால் நிற்கும் இந்திக்காரப் பையன், யாராக இருந்தாலும் கண்ணைப் பார்த்துவிடுவான். அவர்களும் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் திரும்பிக்கொள்வார்கள். அதோடு சரி. நீ யார் மகன், எந்தத் தெரு என்று இங்கே ஒரு பார்வையும் கேட்பதில்லை.

இந்த ஊரில் அவனுக்குப் பிடித்ததே அதுதான்.

இன்றைக்கு என்னவோ பார்த்த மாத்திரத்தில் கண்கள் தாமாகக் கீழே இறங்கிவிட்டன.

இறங்கிவிடலாமா என்று வெளியே பார்த்தான். இரண்டு பக்கமும் ஆள். போதாததற்கு டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இன்னொருவரை ஏற்றப் பார்த்தார்.

"இன்னாபா, கொஞ்சம் நவுந்து குந்து."

நகர்ந்ததில் எதிரே இருந்தவனின் முழங்கால் பேச்சிராஜின் முழங்காலில் வந்து இடித்தது.

"அண்ணே, நம்ம பக்கமா?" என்று கேட்டான் அவன்.

சற்று முன் அம்மாவிடம் போனில் பேசி முடிக்கும்போது பேச்சிராஜ் 'வச்சிருதேன்' என்று சொல்லியிருந்தான். தெற்கத்திக்காரன் என்று காட்டிக்கொடுக்க அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. எதிரே இருந்தவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெயர் மணிகண்டபிரபு. ஆக்சில் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்திருக்கிறான், இது முதல் மாதம். 'கீது', 'வூடு' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் சாப்பிட்டதுபோல் இருக்கிறதாம்.

எந்த ஊர் என்று கேட்டான்.

பேச்சிராஜ் தன் ஊரைச் சொல்லவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊரைச் சொன்னான். அங்கே முழுக்க மணிகண்டபிரபுவின் ஆட்கள். பெயரையும் மாற்றி, சுபாஷ் என்று சொல்லிவைத்தான்.

"அப்போ நம்மாளுதான்" என்று மணிகண்டபிரபு கை நீட்டினான்.

பேச்சிராஜ் கொடுக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையை அவனே எடுத்துக்கொண்டான்.

எடுத்த பிறகுதான் கவனித்தான். மூன்று விரல்கள் பாதியில் நின்றிருந்தன.

"பிரஸ் மெஷினாண்ணே?"

இந்தப் பக்கத்தில் யாரும் முதலில் கேட்பது அதைத்தான். பேச்சிராஜும் எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தான்.

"ஆமா. மெஷின்தான்."

மணிகண்டபிரபு கையை விடவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உச்சுக்கொட்டினான். கம்பெனிக்காரனுக்கு மனுசன் உசுரென்றால் இளப்பம் என்றான். கேஸ் கீஸ் போட்டியளா என்று கேட்டான். போட்டோம், நிற்கவில்லை என்றான் பேச்சிராஜ்.

"இத இப்படியே விட்டுட்டு வந்துட்டியளேண்ணே. நானா இருந்தா சும்மா விட்டுருப்பனா?"

உண்மையாகவே வருத்தப்பட்டான். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து சீட்டு அம்மாகூட அவனைப் பிரியமாகப் பார்த்தார்.

பிள்ளைப்பாக்கம் வந்தது. பேச்சிராஜின் ரூம் இன்னும் தள்ளி இருந்தது. அங்கேயே இறங்கிக்கொண்டான். பையில் கைவிடப் போனவனைத் தடுத்து, அவனுக்கும் சேர்த்துத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னான் மணிகண்டபிரபு. ஒரே ரோட்டில்தானே வேலை, அடிக்கடி பார்ப்போம் என்றான். ஆட்டோ கிளம்பிய பிறகும் வெளியே தலையை நீட்டிக் கையாட்டினான்.

பேச்சிராஜும் ஆட்டினான். ஆட்டி முடித்த பிறகுதான் தன் கை மேலே போனதே அவனுக்குத் தெரிந்தது.

ரோட்டோரம் அப்படியே நின்றான். ஒரு டிரெய்லர் லாரி புழுதியை வாரி அவன் மேல் இறைத்துவிட்டுப் போனது.

பிளஸ் டூ படிக்கும்போது, பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய மனிதரைக் கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. அந்தப் பெரிய மனிதரின் தம்பி மகன் மணிகண்டபிரபு. அதற்கு முன் பேச்சிராஜை அவன் பார்த்ததுகூட இல்லை. சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் வைத்து, இவன்தான் என்று கூட வந்தவர்கள் கைகாட்டினார்கள்.

அதே பஸ்ஸில் பேச்சிராஜின் தம்பியும் பள்ளிக்கூடம் போகவேண்டியிருந்தது. போட்ட கேஸை விட்டுவிட்டு, வைக்கோல் வெட்டுகிற மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று அப்பாவே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கேயாவது மணிகண்டபிரபுவின் கண்ணில் பட்டால் அடையாளம் தெரிந்துவிடுமோ என்றுதான் பேச்சிராஜ் தாடி வளர்த்திருந்தான். அந்தத் தாடியைப் பார்த்துத்தான், ஒரே வயதுக்காரனான அவன் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான்.

தாடி தேவையே இருந்திருக்காது.

அன்றைக்கு மணிகண்டபிரபுவின் அரிவாள் இறங்கியபோது பேச்சிராஜ் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு அவன் கண்ணைத்தான் பார்த்தான். அவனோ பேச்சிராஜின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.