முந்தி ஓடும் கடிகாரம்

ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று குமுதவல்லி கூடத்துக் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்தாள். அவளுக்குத் தெரியாமல் கணவனும் தன் பங்குக்குத் தள்ளினான். அந்த வீட்டுக்குச் சூரியனே லேட்டாகத்தான் வரும். சமைப்பது, துவைப்பது, கூடத்திலேயே படுத்த படுக்கையான மாமனாருக்குக் கஞ்சி புகட்டுவது என்று எல்லாவற்றுக்கும் அந்த முள்ளைப் பார்த்துத்தான் அவள் நேரம் ஒதுக்குவாள். இன்று காலை அவர் போய்ச் சேர்ந்ததும் புரோகிதர் கேட்டார்: "திதி மாறுற வேளைம்மா. உயிர் பிரிஞ்சப்போ சரியா மணி என்ன?" கணவன் அவளைப் பார்த்தான். "நீதானே பக்கத்துல இருந்தே? கடிகாரத்துல என்ன காட்டுச்சு? போன்ல சரியான நேரத்தைப் பார்த்து, கூடுதலைக் கழிச்சுக்கலாம்." "பார்க்கலைங்க," என்றாள். மாமனார் அவள் கையை இறுகப் பற்றியபோது, பஸ் போய்விடுமே என்று அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது பிடி தளர்ந்திருந்தது.