எண்பத்தோரு குழிகள்

"பெரிய ஆஸ்பத்திரி ஃப்ரீசர்ல நம்மளோடது ஒரே ஒரு பெட்டிதான் வச்சுக்குவாங்களாம் அக்கா. எண்பத்தோரு குழி. அதுக்கு மேல ஒரு குழாய்கூட முடியாதுன்னுட்டாங்க."

டாக்டர் முன்திர் போனை வைத்தபோது பல்கீஸ் கையுறை மாட்டி முடித்திருந்தாள்.

பஸ்ராவில் ஜூலை மாத நண்பகல். காலையில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் வந்து, மறுபடி மின்சாரம் வந்த இழுபறியில் ஆய்வுக்கூடத்தின் பெரிய ஃப்ரீசர் உயிரை விட்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு வருஷத்து ரத்த மாதிரிகள். சர்க்கரை நோய் வந்த அறுபது குழந்தைகளுடையவை, அவர்களைப் பெற்றவர்களுடையவை. நோய் யார் பக்கத்து ரத்தத்தில் வந்தது, எந்த வைரஸ் காய்ச்சல் அதைத் தட்டி எழுப்பியது என்று பார்ப்பதற்காகச் சேர்த்தது. பார்க்க வேண்டிய கருவி வந்து சேர்வதற்குள் சேர்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். மிஞ்சியது பல்கீஸ் மட்டும்.

வெள்ளிக்கிழமை விடுமுறையிலும் வந்து ஃப்ரீசர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தனியாகச் சாப்பிடுவாள். அங்கே மற்ற பெண்களை உம்மு ஸஜ்ஜாத், உம்மு நூர் என்று அவரவர் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவள் மட்டும் வெறும் பல்கீஸ். கல்யாணமே ஆகாதவள் என்று போன மாதம் வந்து சேர்ந்த முன்திர் நினைத்துக்கொண்டான். 'அதுக்கென்ன, அந்த ஃப்ரீசரைத்தான் கட்டிக்கிட்டிருக்காளே' என்று டிரைவர் அபூ ஜாஸிம் சொல்லிச் சிரிப்பார்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று முன்திர் திகைத்து நின்றான். வழி சொன்னது அவள்தான்.

"தாய், தகப்பன், பிள்ளை மூணு குழாயும் இருக்கிற குடும்பம் மட்டும். அப்பதான் எது யார்கிட்டேயிருந்து வந்ததுன்னு பிரிச்சுப் பார்க்க முடியும்."

பனி மூடிய குழாய்களை மூடியில் இருந்த எண்ணைப் பார்த்தே எடுத்து அடுக்கினாள். அடுக்கும்போதே பேச்சும் ஓடியது. ஒன்பதாம் எண் ஊசி போட்டதும் அவள் கையைக் கடித்துவிட்டு ஓடியவன். இப்போது டாக்ஸி ஓட்டுகிறான். முப்பத்தொன்று போன வருஷம் கல்யாணமாகிப் போனாள், ஊசியும் மருந்துமாக. பிள்ளைகள் அவளுக்கு வெறும் எண்கள் இல்லை என்பது முன்திருக்கு அன்றுதான் தெரிந்தது.

இருபத்தேழு குடும்பங்கள் தேறின. எண்பத்தோரு குழியும் நிரம்பியது.

கடைசியில் இரண்டு குழாய்கள் மட்டும் தட்டில் தனியாக இருந்தன. வைத்தவள் மறுபடி கையில் எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அது எந்த எண்?"

"பதினேழு."

முன்திர் பதிவேட்டைப் புரட்டினான். எண்ணும் குறிப்பும் மட்டும் இருந்தன. "அக்கா, இதைப் பாருங்க. பொன்னுக்குவீங்கி வந்த மூணாவது வாரம் சர்க்கரை. இவ்வளவு தெளிவா வேற எதுலயும் இல்லையே. இதைப் போய் விடறீங்க?"

"தகப்பன் குழாய் இல்லை."

"ஏன் இல்லை?"

அவள் தட்டை ஓரமாக நகர்த்தினாள். அப்புறம், யாரோ எப்போதோ சொன்னதைத் திருப்பிச் சொல்வதுபோலச் சொன்னாள். எங்கள் வம்சத்தில் சர்க்கரையே கிடையாது, நான் எதற்குக் கையை நீட்ட வேண்டும் என்று அந்த மனிதர் மறுத்துவிட்டார். கெட்ட ரத்தம் பெண்டாட்டி வீட்டுடையது என்று ஊரெல்லாம் சொன்னார். அடுத்த வருஷம், இன்சுலின் எங்குமே கிடைக்காமல் போன மாதத்தில், பிள்ளை இறந்துபோனது. அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

"என்ன மனுஷன்," என்றான் முன்திர். "ஒரு ஊசிக் குத்து. அதுக்கு வம்சப் பெருமை. அந்தம்மா என்ன ஆனாங்க?"

"இருக்கா. வேலைக்குப் போறா, வர்றா."

"வேணும்னா ஒரு குடும்பத்தை எடுத்துட்டு இதை வச்சிடுங்க அக்கா. கணக்கு நான் பார்த்துக்கறேன்."

"எந்தக் குடும்பத்தை எடுக்கட்டும்? நீங்களே காட்டுங்க."

கையைக் கடித்தவனை எடுப்பதா, கல்யாணமாகிப் போனவளை எடுப்பதா? முன்திர் பெட்டியைப் பார்த்தான். அவள் மூடியை அழுத்தி மூடினாள்.

உலர்பனிப் பெட்டியோடு அபூ ஜாஸிம் வந்தார். வண்டி வரை போய் ஏற்றி அனுப்பிவிட்டு முன்திர் திரும்பியபோது பல்கீஸ் அறையில் இல்லை. கை கழுவும் தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரமாகக் கேட்டது. மேஜையில் அவளுடைய சாப்பாடு பிரிக்காமல் கிடந்தது.

மற்றக் குழாய்களோடு அந்த இரண்டையும் கழிவுப் பையில் போடலாம் என்று எடுத்தான். பனி கரைந்து, அவளுடைய வட்டவட்டமான கையெழுத்து வெளியே வந்திருந்தது.

'17. பிள்ளை: ரஃபல், வயது 6.'

இன்னொன்றைத் துடைத்தான்.

'17. தாய்: பல்கீஸ் அப்துல் வாஹித்.'