மௌன மடத்துப் பாட்டுக்காரர்

"உன்ட குரல் இப்பிடித்தான் இருக்குமெண்டு தெரிஞ்சிருந்தா, நான் மடத்தை விட்டு வெளிய வந்தே இருக்க மாட்டன் கோணாமலை!"

அன்னப்பூரணி சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யோகராசா மடியில் கவிழ்த்து வைத்திருந்த சருவப் பானையில் இரண்டு தட்டுத் தட்டி அதை ஆமோதித்தான்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. அஞ்சு வருஷம் பூட்டி வைச்ச குரல் அக்கா. இரும்பு மாதிரிக் கறள் பிடிச்சிருக்காதா?" என்றான் கோணாமலை.

படுவான்கரையில், வாவியோரம் இருந்தது அவர்களுடைய மௌன மடம். உள்ளே காலை வைத்தால் பேசக்கூடாது. சாமியாரும் பேசமாட்டார், சொல்ல வேண்டியதைச் சிலேற்றில் எழுதிக் காட்டுவார். மூவரும் ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்கள். ஆனால் ஒருவர் குரலை மற்றவர் கேட்டதில்லை. போன மாதம் மடத்துக் கூரையில் ஷெல் விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை, மடம்தான் கலைந்துபோனது.

"அண்டைக்கு நீ 'ஐயோ அம்மா' எண்டு கத்தினாய் பாரு," என்றான் யோகராசா. "நான் ஓடுறத விட்டிட்டு, இது ஆர்ர குரலெண்டு நிண்டு பார்த்தன் மச்சான்!"

மறுபடியும் சிரிப்பு. கஜு மரத்தில் இருந்த காகம் பறந்து போனது.

இன்று நாகரெத்தினத்தின் மகள் பாலசுந்தரிக்குக் கல்யாணம். மூவரும் சமையலுக்கு உதவ வந்திருந்தார்கள். விடியற்காலையில் இராணுவம் தோணித் துறையை மூடிவிட்டது. மேளகாரர் வாவிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். நாகரெத்தினம் குசினிக்கே ஓடிவந்தார்.

"மேளம் இல்லாட்டிக் கிடக்கட்டும். ஒரு கிழமையா ஷெல் அடிக்கிறானுகள். தாலி கட்டக்குள்ள அந்தச் சத்தம் கேக்கப்படாதெண்டு புள்ள அழுகிறாள். நீங்க மடத்து ஆக்கள்தானே? பஜனை பாடுவீங்கதானே?"

பேசாத மடத்தில் ஏது பஜனை? ஆனாலும் மூவரும் ஒரே குரலில் "ஓம்" என்றார்கள். ஐந்து வருடம் வாயை மூடியிருந்தவர்களுக்கு, யார் என்ன கேட்டாலும் ஓம் சொல்ல ஆசையாக இருந்தது. அப்படித்தான் இந்த ஒத்திகை.

"சாமி ஏன் பறையிறதில்ல எண்டு தெரியுமா?" யோகராசா கேட்டான். "வாய் திறந்தாச் சொன்னது பலிச்சிருமாம்."

"இல்ல மச்சான். அவருக்கு ஏழு பாஷை தெரியும். எதில கதைக்கிறதெண்டு முடிவெடுக்கல்ல," என்றான் கோணாமலை.

"ரெண்டு பேரும் சும்மா இரிங்க," என்றாள் அன்னப்பூரணி. "பின்னுக்கு..."

திரும்பினார்கள். சாமியார் நின்றார். காவி இல்லை, கட்டம் போட்ட சாரம், பாதி வெட்டிய தாடி. கல்யாணத்துக்கு வந்திருந்தார். மூவரும் பழக்கதோஷத்தில் டக்கென்று வாயைப் பொத்தினார்கள். சருவம் உருண்டு போனது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, 'நடத்துங்க' என்று கையைக் காட்டினார் சாமியார். முதலில் வெடித்துச் சிரித்தவள் அன்னப்பூரணிதான்.

முகூர்த்த நேரம் வந்தது. பாலசுந்தரி குனிந்த தலை நிமிராமல் மணையில் இருந்தாள். தூரத்தில் முதல் ஷெல் அதிர்ந்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"பாடு, பாடு!" நாகரெத்தினம் கையை உதறினார்.

கோணாமலை முருகனைக் கூப்பிட்டான். முதல் வரி ஒருவாறு ஓடியது. இரண்டாம் வரியில் குரல் உச்சிக்கு ஏறி, அங்கேயே உடைந்தது. அன்னப்பூரணி ஏந்தப் போய் வேறு பாட்டுக்குள் விழுந்தாள். யோகராசாவின் சருவம் இரண்டு பாட்டுக்கும் சேராமல் தனியாக ஓடியது. பந்தலே குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். மணப்பெண்கூட உதட்டைக் கடித்தாள்.

அடுத்த ஷெல் கிட்டத்தில் விழுந்தது. சிரிப்பு நின்றது. கோணாமலையின் வாயும் நின்றது. கையில் தாலியோடு மாப்பிள்ளை அசையாமல் இருந்தான்.

அப்போது பந்தலின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

கனத்த, தெளிந்த குரல். கோணாமலை விட்ட இடத்திலேயே பாட்டை எடுத்து, ஓரெழுத்தும் சிந்தாமல் மேலே கொண்டு போனது. எல்லாத் தலைகளும் திரும்பின. சாமியார் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். யோகராசாவின் கைக்குத் தாளம் தானாக வந்தது. பெண்கள் குரவை போட்டார்கள். பாலசுந்தரி தலை நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு கழுத்தைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஷெல் விழுந்ததா இல்லையா என்று அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தெரியாது.

பாட்டு முடிந்ததும் மூவரும் ஓடிப்போய்ச் சாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். கோணாமலை அவரைத் தூக்கியே விட்டான். அன்னப்பூரணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சாமி! இப்பிடியொரு குரல வைச்சுக்கிட்டு, அஞ்சு வருஷமா நீங்களும் பறையாம, எங்களையும் பறைய விடாம வைச்சிருந்தீங்களே! ஏன் சாமி?"

சாமியார் வெட்கத்தோடு மூவரையும் பார்த்தார். பிறகு, அவர்கள் அறிய முதல் தடவையாக வாய் திறந்து பேசினார்.

"பா... பாடினாத் தி... திக்காது புள்ள. க... க... கதைச்சாத்தான். அ... அதுக்குத்தான் ம... மடமே க... கட்டினன்."