நிலாக் குவாரி

நிலாவில் கல் வெட்டப் போன இன்னாசிக்கு அங்கே எல்லாமே விளையாட்டாக இருந்தது. ஊரில் அறுநூறு கிலோ காட்டும் பாறை அங்கே நூறு கிலோதான். அவனும் மனைவி செங்கமலமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

அன்று பாறை ஏற்றிய வண்டி பிடி நழுவித் தண்டவாளத்தில் உருண்டது. தண்டவாளம் முடியும் இடத்திலிருந்த சுவரில் மோதினால் பாறை உடைந்துவிடும் என்று இன்னாசி குறுக்கே போய், சுவரில் முதுகைக் கொடுத்துக் கைகளை நீட்டி நின்றான்.

"விலகுங்க! எடதான் கொறஞ்சிருக்கு, கல்லு கொறயல!" செங்கமலத்தின் குரல் அவன் தலைக்கவசத்துக்குள் அலறியது.

"தெனம் தூக்குற கல்லுதானே புள்ள, நிப்பாட்டிருவேன்."

அவன் கைகள் மடங்கின. அவன் நெஞ்சைச் சுவரோடு நசுக்கிய பிறகே வண்டி நின்றது.

அவள் வண்டியை இழுத்துவிட்டு அவனை வாரியெடுத்தாள். கவச உடையோடும் எட்டு வயதுப் பிள்ளையின் கனம்தான் இருந்தான். அவனை ஏந்திக்கொண்டு கூடாரத்தை நோக்கித் தாவித் தாவி ஓடினாள். கூடாரத்தின் இரும்புக் கதவு நெருங்கியதும் கால்களை ஊன்றினாள். புழுதி கிளம்பியதே தவிர வேகம் அடங்கவில்லை. "கமலம்..." என்று காதுக்குள் ஒரு முனகல் கேட்டது. உயிர் இருக்கிறது. அவள் சட்டென்று திரும்பித் தன் முதுகைக் கதவுப் பக்கம் கொடுத்து, அவனை இறுக அணைத்துக்கொண்டாள்.